வளர்ந்ததும் சரியாகிவிடும் என்று வாங்கிய சைக்கிள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு மவுண்டன் பைக் வாங்குவது பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளை விடாமல் படிக்கிறவன் நான். எதை எடுத்தாலும் இந்த வயதுக்கு இத்தனை அங்குலச் சக்கரம் என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. சைக்கிளின் எடை என்ன, பிரேக்கைப் பிள்ளையின் விரல் எட்டிப் பிடிக்குமா, பெடல் கம்பி எவ்வளவு நீளம், இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. இது எதுவுமே தெரியாமல் என் மகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்து, அவளுக்கு சைக்கிள் மேலேயே வெறுப்பு வரும்படி செய்துவிட்டேன். இன்னொரு பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் எடையைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அப்போது அவளுக்கு 6 வயது, உயரம் 114 சென்டிமீட்டர். 16 அங்குலச் சக்கரத்தில் நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தாள். வளர்கிற பிள்ளைதானே, அடுத்த வருடமே இன்னொன்று வாங்க வேண்டுமா என்று யோசித்து ஒரேயடியாக 24 அங்குலத்துக்குப் போய்விட்டேன். முன்னால் அதிர்வைத் தாங்கும் ஷாக், 21 கியர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், தடித்த டயர் எல்லாம் இருந்தது. விற்றவரும் "இன்னும் அஞ்சு வருஷத்துக்கு கவலையில்ல" என்றார். வீட்டுக்குக் கொண்டு வந்து சீட்டை அடிவரைக்கும் இறக்கியும் கால் கட்டை விரல்தான் தரையைத் தொட்டது. இறங்கும்போதெல்லாம் சைக்கிளை ஒரு பக்கமாகச் சாய்த்து, அது மேலே விழுவதற்குள் குதித்துவிடுவாள்.

ஒரு நாள் மண் பாதையில் சின்ன இறக்கம். நான் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவள் பிரேக்கைப் பிடிக்கிறாள், எனக்கே தெரிகிறது, இரண்டு விரலின் நுனிகள் மட்டும் லிவரின் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்கின்றன, இழுக்க முடியவில்லை. நேராகப் போய் முள்வேலியில் விழுந்தாள். கையில் கீறல், முட்டியில் தோல் பெயர்ந்தது, அது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அன்று ராத்திரி "அப்பா, எனக்கு சைக்கிள் ஓட்ட வராதுப்பா" என்று சொன்னாள் பாருங்கள், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்கு முந்தின மாதம் வரைக்கும் 16 அங்குலத்தில் ஒரு கையை விட்டு ஓட்டிய பிள்ளை அவள். சைக்கிளில் இருந்த குறையைத் தன் குறையாக நினைத்துக்கொண்டாள், ஒன்றரை வருடம் அதைத் தொடவே இல்லை.

சும்மா நிற்கிறதே என்று ஒரு நாள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி நின்றேன். அப்புறம் நான் மட்டும் நின்றேன். வித்தியாசம் 15 கிலோ. அதை வாங்கியபோது அவள் எடை 20 கிலோ. தன் எடையில் முக்கால் பங்கு எடையை ஒரு பிள்ளை மேட்டில் மிதிக்க வேண்டும், விழுந்தால் தூக்கி நிறுத்த வேண்டும், திருப்பத்தில் அடக்கிப் பிடிக்க வேண்டும். என் எடை 72 கிலோ. அதே விகிதத்தில் எனக்கு சைக்கிள் வேண்டுமென்றால் 54 கிலோ. அப்படி ஒரு வண்டியைக் கொடுத்து மலைப்பாதையில் ஓட்டு என்றால் நான் அன்றைக்கே கும்பிடு போட்டிருப்பேன். பெரியவர்கள் தங்களுக்கு வாங்கும்போது அரைக் கிலோ குறைய வேண்டும் என்று அலசுகிறோம், பிள்ளைக்கு வாங்கும்போது தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. நல்ல 20 அங்குல சைக்கிள் 8, 9 கிலோவில் கிடைக்கிறது. பிள்ளையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, போனால் போகிறது, ஐந்தில் இரண்டு பங்கு. அதற்கு மேல் போனால் மேடு வரும்போதெல்லாம் பிள்ளை இறங்கித் தள்ளும், கொஞ்ச நாளில் தள்ளுவதையும் நிறுத்திவிடும்.

நாமெல்லாம் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்பார்கள். கற்றுக்கொண்டோம், உண்மைதான். சமதளத்தில், மெதுவாக, விழுந்தால் எழுந்துகொள்ளலாம் என்ற இடத்தில். கல்லும் வேரும் உள்ள இறக்கத்தில் எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் தள்ளி, சீட்டுக்கும் காலுக்கும் நடுவே சைக்கிள் ஆட இடம் கொடுத்து ஓட்டுவது வேறு வேலை. அதற்கு சைக்கிள், அதை ஓட்டுகிறவரைவிடச் சின்னதாக இருக்க வேண்டும்.

அளவு பார்ப்பது கஷ்டமே இல்லை. பிள்ளையை வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், ஒரு தடித்த புத்தகத்தைக் கால் இடுக்கில் மேலே முட்டும்வரை வைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். சைக்கிளின் நடு பார் அதைவிட 3லிருந்து 5 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களின் முன்பகுதியும் ஒரே நேரத்தில் தரையில் பதிய வேண்டும். இதில் முக்கியமானது என்னவென்றால், சீட்டை முழுக்க இறக்கினால்தான் கால் எட்டுகிறது என்றால் அந்த சைக்கிள் பெரிது, கண்ணை மூடிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம். சீட்டை இரண்டு விரல்கடை ஏற்றி வைத்த பிறகும் எட்டினால் அதுதான் அளவு. வயதையோ சக்கர அங்குலத்தையோ நம்பாதீர்கள். உத்தேசமாக 115 முதல் 130 சென்டிமீட்டர் வரை 20 அங்குலம், அங்கிருந்து 145 வரை 24 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே 24 அங்குலத்தில் ஒரு கம்பெனியின் சட்டகம் (ஃபிரேம்) தாழ்வாகவும் இன்னொன்று உயரமாகவும் இருக்கும்.

வளரும் பிள்ளை என்ற கவலைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பருவ வயது வரும்வரை பிள்ளைகள் வருடத்துக்குச் சுமார் 5, 6 சென்டிமீட்டர்தான் வளர்கிறார்கள். சரியான அளவில் வாங்கிய சைக்கிளே இரண்டரை, மூன்று வருடம் வரும். சீட்டை ஏற்றிக்கொண்டே போகலாம், சீட் கம்பியில் குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். பெரிதாக வாங்கினால் லாபம் என்று நினைத்த நான் ஒன்றரை வருடம் அதைச் சும்மா நிறுத்தி வைத்திருந்தேன். காலுக்குத்தானே செருப்பு.

பெடல் கம்பியின் நீளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னும் குறைவு. கிராங்க் என்கிறோமே, அது. ஓட்டுகிறவரின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள பெரியவருக்கு 170 மில்லிமீட்டர் கிராங்க். என் மகளின் 24 அங்குல சைக்கிளில் இருந்தது 152 மில்லிமீட்டர், அவள் உயரமோ 114 சென்டிமீட்டர். அதே விகிதத்தில் அந்தப் பெரியவருக்குச் சுமார் 227 மில்லிமீட்டர் கிராங்க் மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி. முட்டி வயிற்றில் இடிக்கும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், பிள்ளை சோம்பேறித்தனமாக மிதிக்கிறது என்று நாம் திட்டுவோம். 20 அங்குலத்துக்கு 127 முதல் 140, 24 அங்குலத்துக்கு 140 முதல் 152 இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும். கிராங்கின் உள்பக்கத்தில் அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள், குனிந்து பார்த்தால் தெரியும்.

அடுத்தது ஷாக். ஷாக் இருந்தால்தான் மவுண்டன் பைக் என்ற நினைப்பு நமக்கு எப்படியோ ஊறிவிட்டது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் பகுதியின் மலையில் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள் இந்த விளையாட்டை ஆரம்பித்தபோது ஓட்டியவை பழைய கனமான சைக்கிள்கள், அவற்றிலிருந்து மட்கார்டு, செயின் கவர் என்று கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் மலையிலிருந்து இறங்கினார்கள். 1976ல் அங்கே ஆரம்பித்த பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர் வந்ததற்குக் காரணமே பிரேக்தான். ஒரு தடவை இறங்கினால் பின் சக்கரத்தின் நடுவே, ஹப்பில் இருந்த பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும், அதுதான் ரீபேக். முன் ஷாக் பரவலாக விற்பனைக்கு வந்தது 1989க்கு அப்புறம்தான். மலையில் ஓட்ட முதலில் வேண்டியது தடித்த டயர், நிற்கிற பிரேக், மேட்டில் ஏறுகிற கியர். இந்த மூன்றும் பிள்ளையின் கைக்கும் காலுக்கும் பொருந்தினால் மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மலிவான பிள்ளைகள் சைக்கிளில் வரும் ஷாக்கில் இருப்பது பெரியவர் எடைக்கே போதுமான அளவு இறுக்கமான ஸ்பிரிங். உங்கள் வீட்டில் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, அதன் பளபளப்பான குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி, கீழ்ப்பகுதியைத் தொடும்படி இறக்கி வையுங்கள், பிள்ளையை வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். என் மகள் வேரிலும் கல்லிலும் ஒரு சுற்று வந்த பிறகு அந்த ரப்பர் பேண்ட் ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை. நகராத ஷாக் வெறும் பாரம்தான், சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல், அதுவும் பிள்ளை தூக்க வேண்டிய முன்பக்கத்தில். காற்று அடைக்கும் ஃபோர்க் வேறு ரகம். பிள்ளையின் எடைக்கு ஏற்றபடி காற்றைக் குறைத்து, ஏறி நின்றாலே நான்கில் ஒரு பங்கு அமுங்கும்படி வைக்கலாம். அது தேவைப்படுகிற வேகத்துக்குப் பிள்ளை வந்த பிறகு வாங்கினால் போதும்.

அதுவரைக்கும் டயர்தான் ஷாக். இதை நான் கண்டுபிடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 7 வயதுக்கு மேல், 122 சென்டிமீட்டர் உயரத்தில், யாரோ ஓட்டிவிட்டு விற்ற ஒரு 20 அங்குல சைக்கிளை அவளுக்கு வாங்கினேன். ஷாக் இல்லை, முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், பின்னால் எட்டு, மொத்தம் 8.6 கிலோ. தயங்கித் தயங்கித்தான் ஏறினாள். கல் பாதையில் கை அதிர்கிறது என்றாள். நான் வழக்கம்போல டயரைக் கல் மாதிரி அடித்து வைத்திருந்தேன். பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை அடிக்க வேண்டும் என்பதுதான் அதுவரைக்கும் என் எண்ணம். 23 கிலோ பிள்ளைக்கு அது எதற்கு? காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐ வரை இறக்கினேன். ஒரு சுற்று போய்விட்டு வந்து, "அப்பா, கல்லெல்லாம் சின்னதாயிடுச்சு" என்றாள். டயர் கல்லின் மேல் படிந்து போகிறது, துள்ளவில்லை, மண்ணில் பிடிப்பும் கூடியிருந்தது. இதற்கும் ஒரு எல்லை உண்டு. ரொம்பக் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். டயரில் குறைந்தபட்ச அளவு எழுதியிருந்தால் அதற்குக் கீழே போக வேண்டாம். அளவுமானி உள்ள பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

பிரேக் லிவரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பெரும்பாலான லிவர்களில் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் எல்-கீ போதும், சிலவற்றுக்கு ஸ்க்ரூடிரைவர். அதைத் திருகினால் லிவர் ஹேண்டில்பாரை நோக்கி நெருங்கி வரும். இரண்டு நிமிட வேலை. கைப்பிடியைப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலின் முதல் கணு லிவரில் மடங்கிப் படிய வேண்டும், அதுவரை உள்ளே கொண்டு வர வேண்டும், அப்புறம் கேபிளின் இறுக்கத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், லிவர் கைப்பிடியில் போய் முட்டக் கூடாது. அந்த முள்வேலி நாளுக்கு முன்னால் எனக்கு இந்த ஸ்க்ரூ தெரிந்திருந்தால் அவள் விழுந்திருக்கவே மாட்டாள். டிஸ்க்கா ரிம் பிரேக்கா என்று பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். கேபிளில் இழுபடும் மட்டமான டிஸ்க்கைவிட ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் நல்ல வி-பிரேக் லேசாகவும் இருக்கும், பிள்ளைக்கு நன்றாகவும் நிற்கும். சேறும் நீண்ட இறக்கமும் உள்ள இடமென்றால் கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்தான் சிறந்தது, ஒரு விரலில் நிற்கும்.

கியரில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். 21 கியரில் பாதி ஒன்றன்மேல் ஒன்றாக வரும் ஒரே பல் விகிதம், முன்னால் மூன்று சக்கரத்தையும் பின்னால் ஏழையும் ஒரு ஏழு வயதுப் பிள்ளை மேட்டுக்கு நடுவில் யோசித்து மாற்றாது, செயின்தான் கழன்று விழும். முன்னால் ஒன்று, பின்னால் 8 அல்லது 9, பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 34 பல்லாவது, முன்னால் 30, 32க்கு மேல் வேண்டாம். முறுக்கி மாற்றும் கியரா, கட்டை விரலால் தள்ளுவதா என்பதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துப் பார்த்துவிடுங்கள், சில முறுக்கு கியர்கள் எனக்கே கடினமாக இருந்தன.

இனி மாற்றங்கள். எதை மாற்றலாம் என்று யோசிக்கும்போது அடுத்த சைக்கிளுக்கு எது கூட வரும் என்று பாருங்கள். பெடலின் மரை கிட்டத்தட்ட எல்லா நல்ல சைக்கிளிலும் 9/16 அங்குலம், அதனால் பிள்ளையின் பாதத்துக்கு ஏற்ற, பிடிப்புள்ள லேசான பெடல் வாங்கினால் 20லிருந்து 24க்கும் அங்கிருந்து 26க்கும் போகும். (கழற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும், நான் ஒன்றை மரை போக்கியிருக்கிறேன்.) ஹேண்டில்பாரின் கைப்பிடிப் பகுதி பெரும்பாலும் 22.2 மில்லிமீட்டர், ஆகவே மெல்லிய கிரிப், நல்ல பிரேக் லிவர், கியர் லிவர் இவையும் வரும். சீட்டும் வரும். டயர், சக்கரம், ஃபோர்க், கிராங்க் வராது. எனவே செலவை முதலில் கையும் காலும் உட்காரும் இடமும் தொடுகிற பொருட்களில் போடுங்கள். டயர் மட்டும் விதிவிலக்கு, கூட வராவிட்டாலும் மாற்றலாம், லேசான அகல டயரைப் போல ஒரே நாளில் வித்தியாசம் காட்டுவது வேறு எதுவும் இல்லை.

ஃபோர்க்கை மாற்ற ஆசைப்பட்டால் பழையதன் நீளத்தை, அதாவது அச்சிலிருந்து மேலே சட்டகம் தொடங்கும் இடம் வரை, அளந்துவிட்டு வாங்குங்கள். 20 மில்லிமீட்டர் நீளம் கூடினாலே முன்பக்கம் உயர்ந்து, ஹேண்டிலின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி மாறிவிடும். ஏற்கனவே எட்டாத பிள்ளைக்கு அது இன்னும் எட்டாது.

பழைய 24 அங்குலத்தை என்ன செய்வது என்ற கேள்வி எனக்கும் வந்தது. போன வருடம் அவள் 133 சென்டிமீட்டரைத் தாண்டியபோது, சரி, இப்போது அளவு வந்துவிட்டது, பாகங்களை மாற்றித் தேற்றிவிடலாம் என்று எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பினேன். வெறும் சட்டகமே 4 கிலோவுக்கு மேல். சக்கரங்கள் இரும்பு ரிம். ஃபோர்க்கைத் தனியாகத் தூக்கினால் ஒரு சுத்தியலைப் பிடித்த மாதிரி இருந்தது. இவ்வளவையும் மாற்றினால் மிஞ்சுவது அந்தச் சட்டகம் மட்டும், அதுதான் மாற்ற முடியாத பாரம். விழலுக்கு இறைத்த நீராகிவிடும் என்று அங்கேயே விட்டுவிட்டேன். கனமான சைக்கிளை மாற்றங்களால் லேசாக்க முடியாது, லேசான சைக்கிளை மாற்றங்களால் இன்னும் நன்றாக்கலாம். ஒருவர் ஓட்டிய லேசான 24 அங்குலம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பழைய 20லிருந்து பெடல், கிரிப், சீட், பிரேக் லிவர் நான்கையும் அதற்கு மாற்றினோம். மகளே எல்-கீயைப் பிடித்துத் திருகினாள்.

பழைய சைக்கிள் வாங்குவதில் தயக்கம் வேண்டாம், பிள்ளைகள் அதைத் தேய்ப்பதற்கு முன் வளர்ந்துவிடுகிறார்கள். சட்டகத்தில் விரிசல், வெல்டிங் பக்கத்தில் பெயிண்ட் சுருக்கம், சக்கரம் கோணல், செயின் தேய்மானம், இவற்றைப் பாருங்கள். புதிதாக வாங்கினாலும் ஃபோர்க் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பின்னோக்கித் திருப்பி மாட்டிய பிள்ளைகள் சைக்கிள்களை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஹெல்மெட்டையாவது தயவுசெய்து வளர்ந்ததும் சரியாகும் என்று வாங்காதீர்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு நேராக உட்கார வேண்டும், வார் போடுவதற்கு முன் தலையை ஆட்டினாலே நழுவக் கூடாது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் சைக்கிளைப் பற்றி இனி உங்கள் பக்கங்களில் எழுதும்போதெல்லாம் எடை, சீட்டின் குறைந்தபட்ச உயரம், கிராங்க் நீளம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். தயாரிக்கிறவர்கள் பலர் எடையை அட்டையில்கூட எழுதுவதில்லை. கியர் எத்தனை என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்களால் கிலோ எத்தனை என்றும் போட முடியும், வாசகர்கள் கேட்க ஆரம்பித்தால் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த 20 அங்குல சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தோம். அவனுடைய அம்மா "ஒரு வருஷம் கழிச்சு 24 கொடுங்களேன், இது சீக்கிரம் சின்னதாயிடும்" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் மகள் அவனை சீட்டில் உட்காரச் சொல்லி, கீழே குனிந்து அவன் பாதங்களைப் பார்த்தாள். "கை எட்டுதா, ஒரு விரலால பிடி" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஓடிப் போய் எல்-கீயை எடுத்து வந்தாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்